கவிழ்ந்த நட்சத்திர மீன் நிமிரும் விதம்

நட்சத்திர மீன் முதலான முட்தோலிகளைப் பற்றி இருபது வருடத்துக்கும் மேலாகப் பாடம் நடத்துகிறேன். உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் மிச்சமில்லை. டைனோசர் நடத்துகிறவர்களும் இப்படித்தானே பிழைக்கிறார்கள்.

தென்காசியில் தண்ணீர் என்றால் மேலேயிருந்து விழுவது. கடல் என்பது திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனபோது காலை நனைத்துவிட்டு வந்தது. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் வெள்ளரி, நொறுங்கு நட்சத்திரம் என்று நான் கரும்பலகையில் எழுதும்போது, எதிரே இருக்கும் சுரண்டைப் பிள்ளைகளும் வாசுதேவநல்லூர்ப் பிள்ளைகளும் அவற்றை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே சேர்ந்துவிட்ட ஒரு நட்சத்திர மீன் அதற்குள் இருக்கிறது. ஃபார்மலினில் ஊறி ஊறிப் பழைய தலையணை உறையின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு கை மட்டும் குட்டை. பிடிபட்ட சமயத்தில் அறுந்த கை வளர்ந்துகொண்டிருந்ததாம். வருடா வருடம் ஜாடியைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, கை வளருது" என்பேன். அது எப்போதோ வளர்வதை நிறுத்திவிட்டதே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

முட்தோலிக்குத் தலை கிடையாது. மூளை கிடையாது. முகம் என்று ஒன்று இல்லாததால் முன்பக்கம் பின்பக்கம் என்ற தொல்லையும் இல்லை. நட்சத்திர மீனுக்கு வாய் அடியில், கழிவுத் துளை மேலே. உடம்புக்குள் குழாய் போட்டுக் கடல் தண்ணீரையே ஓட விட்டிருக்கிறது. முதுகில் ஒரு சல்லடைத் தட்டு, அங்கேயிருந்து நடுவில் ஒரு வளையக் குழாய், வளையத்திலிருந்து ஐந்து கைகளுக்கும் கிளைக் குழாய், கிளைகளுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் குழாய்க்கால்கள். தண்ணீரின் அழுத்தத்தில் அவை நீளும், சுருங்கும், ஒட்டும், விடும்.

"கூட்டுக் குடிநீர்த் திட்டம் மாதிரியா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஆமா. ஆனா இதுல தெனமும் தண்ணி வரும்" என்றேன்.

பாடத்தில் எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. அலை அடித்து நட்சத்திர மீன் மல்லாந்து விழுந்துவிட்டால் எப்படித் திரும்பும்? மேசையில் என் கையை மல்லாத்தி வைத்துக் காட்டுவேன். ஐந்து விரல்களும் மெல்லச் சுருண்டு தரையைத் துழாவும். ஏதோ ஒரு விரலுக்கோ இரண்டு விரல்களுக்கோ முதலில் பிடி கிடைக்கும். பிடி கிடைத்தது இழுக்க ஆரம்பிக்கும். அப்போது மற்ற விரல்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை, விட்டுவிடுவது. அவை விட்டால் உடம்பு குட்டிக்கரணம் போட்டு நிமிரும். ஐந்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டால் மல்லாந்தபடியே கிடக்க வேண்டியதுதான். எந்தக் கை இழுப்பது என்று முடிவு செய்ய மேலே ஆள் இல்லை. தகுதி, மூப்பு எதுவும் பார்ப்பதில்லை. தரை கிடைத்த கை இழுக்கிறது. வகுப்பே கையை மல்லாத்திப் பார்த்துச் சிரிக்கும். எனக்கும் அந்த ஒரு மணி நேரம் கெட்டிக்காரன் மாதிரி இருக்கும்.

போன சாரல் சீசன் வரைக்கும்.

குத்துக்கல்வலசையில் கடன் வாங்கிக் கட்டிய என் வீட்டுக்கு ஒரே ஒரு சிறப்புத்தான் உண்டு: குற்றால அருவிக்குப் பக்கம். ஆண்டு முழுக்க என் நலத்தை விசாரிக்காத சொந்தக்காரர்கள் எல்லாம் ஜூன் பிறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் நலத்தை விசாரிப்பார்கள். "தண்ணி விழுதா?" என்பதுதான் கேள்வி. விழுகிறது என்றால் பெட்டியோடு வருவார்கள், விழவில்லை என்றால் என் குரலில் ஏமாற்றம் போதவில்லை என்று சந்தேகப்படுவார்கள். ஈரத் துண்டுகளும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தலையணைகளும் ஆகஸ்ட் முடியும் வரை எங்கள் வீட்டில் காய்ந்ததே இல்லை.

சென்னையிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"தண்ணி விழுதாப்பா?"

"விழுது."

"சரி. இந்த வாட்டி குளிக்க மட்டும் வரலை. அம்மாவைக் கூட்டிட்டுப் போகப் போறேன். ஒரேயடியா."

அம்மா பொங்கலை ஒட்டிக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தாள். தகடு வைத்துத் தைத்து வாக்கரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எழுப்புவது, உட்கார வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நானும் என் மனைவியும்தான். அம்மா ஒல்லியான மனுஷி. ஆனால் தூக்கப்படுவதில் விருப்பமில்லாத மனுஷியைத் தூக்கும்போது எடை எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்கிறது. முட்தோலிகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. உடம்பின் இணைப்புத் திசுவை நினைத்தபோது விறைப்பாக்கிப் பூட்டிவிடும். பூட்டிய பிறகு அப்படியே பிடித்துக்கொண்டிருக்கப் பெரிதாகச் சக்தி செலவாகாது. எனக்கு வாய்த்தது மெடிக்கலில் வாங்கிய இடுப்புப் பட்டி. உட்கார்ந்தால் மடங்கும், நின்றால் கழலும்.

"எதுக்குக்கா? இங்கன நல்லாத்தானே இருக்கா" என்று போனில் சொன்னேன். சொன்ன வாய் ஒன்று. உள்ளே வேறொருவன், ஒரு முழு ராத்திரித் தூக்கம் எப்படி இருக்கும் என்று அதற்குள் பாயை விரித்துவிட்டான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

அக்கா ரயிலில் வந்தாள். தம்பி பெங்களூரிலிருந்து காரில் வந்தான். அவன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். சண்டை என்று வந்தால் நடுவராக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆக வீட்டில் அம்மா, நான், மனைவி, அக்கா, தம்பி. ஐந்து பேர், தலை இல்லை. இதைக் கணக்குப் பார்த்தது நான்தான். ஒரே பாடத்தை இருபது வருடம் நடத்தினால் புத்தி இப்படித்தான் போகும்.

வந்த அன்றே குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, அருவிக்கரைக் கடையொன்றில் அக்கா ஒரு காய்ந்த நட்சத்திர மீன் வாங்கி வந்தாள். சங்கு, சோழி, பாசிமணி, கண்ணாடி வளையல் எல்லாம் தொங்கும் சீசன் கடை.

"நீ இதத்தானலே பாடம் நடத்துத?" என்றாள். சங்கரன்கோவிலை ரயில் தாண்டியதும் அவளுக்கு 'லே' திரும்பிவிடும். "வாசல்ல கட்டுனா கண்ணு படாதுன்னான் கடைக்காரன். அதான் ஒனக்குன்னு வாங்குனேன்."

எங்கள் வீட்டைப் பார்த்துக் கண் வைக்க ஒருவன் உண்டென்றால் அவனைச் சந்தித்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மீனைக் கையில் வாங்கினேன். கொஞ்சம் கனமாக இருந்தது. சரியாகக் காய்ந்திருந்தால் அப்பளம் மாதிரி இருக்க வேண்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வழியே போயும் விட்டது. தம்பி நாற்காலி போட்டு ஏறி, சிவப்புக் கயிற்றில் படிகாரத்தோடு சேர்த்து நிலைக்கு மேலே அதைக் கட்டினான்.

அன்று சாயங்காலம் பிடித்த சாரல் விடவே இல்லை. சாரல் என்பது மழையைப் போல இல்லை, நனைக்கிறதா இல்லையா என்று தெரியாமலே நனைத்துவிடும். சுவர் ஈரம், சட்டை ஈரம், தீப்பெட்டி ஈரம். இரண்டு நாள் போனதும் வீட்டில் ஒரு நாற்றம் வந்தது.

நாற்றம் வந்த முதல் நாள் ஒவ்வொருவரும் அடுத்தவரை மனதுக்குள் சந்தேகித்தோம். இரண்டாம் நாள் கருத்துகள் வந்தன. சாக்கடை அடைப்பு என்றான் தம்பி. ஆள் வரவழைத்து மூடியைத் திறக்க வைத்தான். இருந்த நாற்றத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது. எலி என்றேன் நான். எம்.எஸ்ஸி., எம்.ஃபில். படித்தவன் சொன்னதால் பரணிலிருந்த சாமான் மொத்தமும் கீழே இறங்கியது. எலி இல்லை. எலி இருந்ததற்கான அடையாளமாக என் பழைய குறிப்புகள் மட்டும் பொடிப்பொடியாகக் கிடந்தன.

அக்கா தரை துடைக்கும் துணியை எடுத்தாள். அம்மாவின் அறையில் மட்டும் இரண்டு முறை ஃபினாயில் தெளித்துத் துடைத்தாள். அம்மாவின் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து தாழ்ந்த குரலில், "நான் யாரையும் கொறை சொல்லலை. நீங்க ரெண்டு பேரும் என்னதான் செய்வீங்க? ஆனா இந்த நாத்தத்துல அம்மாவ விட்டுட்டு நான் எப்படிலே போவேன்?" என்றாள்.

என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகு பதில் சொல்லத் தயாராகி, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டது எனக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு இடுப்புத்தான் போயிருந்தது, காது நன்றாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் என் மனைவியைக் கூப்பிட்டு விரிப்பை மாற்றச் சொன்னாள். சாயங்காலம் மறுபடியும் மாற்றச் சொன்னாள். மாற்றும்போது மெதுவாக, "என்கிட்ட இருந்துதான் வருதாட்டி?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்ல அத்தை. சாக்கடைதான்" என்றாளாம் இவள்.

"சாக்கடைய மூடியாச்சே."

மனைவி இதை என்னிடம் சொன்னபோது நான் வாசலில் உட்கார்ந்து, முந்தாநாள் வந்த பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பதை நிறுத்தவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது நான் பேப்பரைப் பிடித்துக்கொள்வேன்.

மறுநாள் காலையில் தம்பி வெளியிலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க வாங்க. இந்தப் பூனை ஒங்க வாசலைச் சாமி கும்பிடுத மாதிரி பாத்துக்கிட்டிருக்கு."

பக்கத்து வீட்டுப் பூனை காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து நிலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்த்த திசையில் நாங்களும் பார்த்தோம். நாற்காலி போட்டு ஏறினேன். நட்சத்திர மீன் ஊறி உப்பி, ஐந்து கைகளும் துவண்டு, ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் நான் கையில் தொட்ட முதல் ஈரமான முட்தோலி. நாற்றம் மூளைக்கு ஏறியது. முட்தோலி என்றால் எனக்கு ஃபார்மலின் வாசனைதான். கடல் வாசனை உள்ளது எதிரே தொங்கியும் நான் எலியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆக எலி அகப்பட்டுட்டு" என்றான் தம்பி. "படிச்ச எலி."

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள் அக்கா. முகம் சிவந்திருந்தது. "காஞ்சதுன்னுல்லா சொன்னான்!"

உள்ளேயிருந்து அம்மா, "என்னலே அங்கன?" என்றாள். நான் அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, அறை வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்கே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் இல்ல" என்றாள்.

அக்கா போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்து வர வெகுநேரம் ஆயிற்று.

வாளியைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மீனை ஃபார்மலினில் போட்டேன். நாற்றப் பிரச்சினை தீர்ந்தது, அம்மா பிரச்சினை தீரவில்லை. இந்த நாற்றத்தில் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றுதானே அக்கா சொன்னாள், இனி என்ன சொல்வாள் என்று எனக்கொரு அற்பச் சந்தோஷம் இருந்தது. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கூடிப் பேசியபோது அது கரைந்தது. அக்காவின் ஃபிளாட்டில் லிஃப்ட் இருக்கிறது, தெருவுக்கு எதிரே ஆஸ்பத்திரி இருக்கிறது, அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். தம்பி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பின் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினான். எல்லாப் படத்திலும் வெள்ளைத் தலைக்காரர்கள் புல்தரையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பகலுக்கு ஒரு ஆளைப் போட்டால் போதும் என்றாள் என் மனைவி. நான், "இங்கனயே இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். இதை அன்று பல தடவை சொன்னேன். சொல்லும்போதெல்லாம் கொட்டாவி வந்தது.

"வாயத் தொறந்தா கொட்டாவி. நீ பாத்துக்கிடுத லட்சணம்!" என்றாள் அக்கா.

"பாக்காதவங்களுக்குக் கொட்டாவி வராது" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம்" என்றான் நடுவர்.

"நீ சும்மா கெடலே!" என்று நானும் அக்காவும் ஒன்றாகச் சொன்னோம். அன்று நாங்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

அம்மாவின் கதவு திறந்துதான் இருந்தது. எங்களில் ஒருவர்கூட எழுந்துபோய் அவளைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"என்னைய அருவிக்குக் கூட்டிட்டுப் போங்கலே. குளிக்க வேண்டாம். சும்மா சாரல் மேல படணும்."

டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னோம். "டாக்டரா குளிக்கப் போறாரு?" என்றாள் அம்மா.

மறுநாள் தம்பியின் காரில் ஐந்தருவிக்குப் போனோம். வேலை நாள், கூட்டம் குறைவு. ஐந்து கிளையில் மூன்றில்தான் தண்ணீர் நன்றாக விழுந்தது, மற்ற இரண்டும் பாறையில் கசிந்துகொண்டிருந்தன. பெண்கள் குளிக்கும் பக்கமும் ஆண்கள் குளிக்கும் பக்கமும் பிரிவதற்கு முன்னால், கம்பித் தடுப்பின் ஓரம் ஒரு படி இருக்கிறது. அதுவரை வாக்கரில் கொண்டுபோய் அம்மாவை உட்கார வைத்தோம். காற்று திரும்பும்போதெல்லாம் திவலை வந்து அடித்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நரைமுடியில் துளித்துளியாகச் சேர்ந்தது. சேலை நெஞ்சோடு ஒட்டியது. நாங்கள் நான்கு பேரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, அருவியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போதும்மா, சளி பிடிக்கும்" என்றாள் அக்கா.

போதும் என்றதும் எழுப்ப வேண்டுமே. அங்கேதான் ஆரம்பித்தது. படி தாழ்வு, தரை பாசி. நான் பழகியபடி பின்னால் போய் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்தேன். அக்கா வலது மணிக்கட்டைப் பிடித்து அவள் பக்கம் இழுத்தாள். மனைவி இடது முழங்கையை அவள் பக்கம் தூக்கினாள். முன்னால் நின்ற தம்பி அம்மாவின் தோளைப் பிடித்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான். அம்மா அரை விரற்கடை எழுந்து மறுபடியும் உட்கார்ந்தாள். மறுபடியும் எண்ணினான். மறுபடியும் உட்கார்ந்தாள்.

"நீ ஏம்லே பின்னால இழுக்க?" என்றாள் அக்கா என்னிடம்.

"நான் தூக்குதேன். நீதான் இழுக்க."

ஈரத் துண்டோடு போன ஒரு மலையாளக்காரர் நின்று, "பதுக்கெ, பதுக்கெ" என்று, மெதுவாக என்பதுபோல் கைகாட்டினார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் போலீஸ் விசிலை ஊதி, "அங்கன என்ன கூட்டம்? நகருங்க, நகருங்க" என்றார். நகர முடிந்தால் நகர்ந்திருப்போமே.

"விடுங்கலே!" என்றாள் அம்மா.

யாரும் விடவில்லை. அம்மா அக்கா பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, ஒன்னையும்தான் சொல்லுதேன், விடு. ஆளாளுக்குப் பிடிச்சா நான் எப்படி எந்திரிக்க? எல்லாரும் விடுங்க!"

அக்கா விட்டாள். மனைவி விட்டாள். நான் கடைசியாக விட்டேன். விடுவதற்குக் கை கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. தம்பி மட்டும் நகரவில்லை, அவன் காலுக்கடியில் இருந்த படி சொரசொரப்பானது. அதனால் மட்டும்தான். அம்மா அவனுடைய முன்கையைப் பற்றினாள். நல்ல காலை அடியில் மடக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு நொடி அப்படியே இருந்தாள். பிறகு தானாக எழுந்து நின்றாள். ஆண்டுக்கு இரண்டு தடவை வந்துபோகும் தம்பி, தான் ஏதோ செய்துவிட்டதாக எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

இதை நான் வருடா வருடம் ஜூலையில் மேசைமேல் கையை வைத்து நடத்துகிறேன். மூளை இல்லாத பிராணி என்று முதல் வரியிலேயே சொல்லித்தான் நடத்துகிறேன்.

திரும்பும்போது அம்மா முன் இருக்கையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைப்பர் இழுத்து இழுத்துத் துடைத்தது.

"சென்னைக்கு எப்பட்டி டிக்கெட்டு?" என்றாள் அம்மா.

அக்கா பின்னால் என் பக்கத்தில் இருந்தாள். முன்னால் குனிந்தாள். "ஞாயித்துக்கெழமைம்மா. ஒனக்கும் சேத்துத்தான் எடுத்தேன். ஆனா..."

"நான் வாரேன்."

"எதுக்கும்மா?" என்றேன். "நான்தான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதேன்லா."

"சொல்லுத. தூக்கும்போது ஒன் கை நடுங்குதது எனக்குத்தானலே தெரியும்." அம்மா திரும்பவில்லை, காரின் முன்கண்ணாடியைப் பார்த்தே பேசினாள். "இவளும் முதுகப் பிடிச்சிக்கிட்டு நடக்கா. கேட்டா ஒண்ணுமில்லைங்கா. நான் அங்கன போறேன். புடிச்சா இருப்பேன். புடிக்கலைன்னா வந்திருவேன். வரும்போது தூக்க ஒனக்குத் தெம்பு வேணும்லா? அதுக்குள்ள நல்லாத் தூங்கி எந்திரி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழைய குற்றாலம் போகும் வளைவில் பலாப்பழச் சுளைகளைத் தட்டில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். பாயை விரித்து வைத்திருந்த அந்த இன்னொருவனை உள்ளே தேடினேன். காணவில்லை. கேட்டது கிடைத்ததும் ஆள் நழுவிவிட்டான்.

ஜெயித்தவள் அக்காதான். ஆனால் அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. அன்று சாயங்காலம் என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு, "எப்படித் தூக்கணும்னு ஒரு தடவ காட்டித் தாலே" என்றாள். அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நானே என் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன். அக்கா என்னை எழுப்பப் பார்த்தாள். முதலில் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மணிக்கட்டைப் பிடிக்கக்கூடாது, முதுகுக்குப் பின்னால் கை கொடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது, அவள் எழும் வரை காத்திருக்க வேண்டும் என்றேன். இதைச் சொல்லும்போதுதான், நானும் ஒருநாள்கூட அப்படிக் காத்திருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்து, "நீ இவ்வளவு கனம் கனக்கியேலே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காததுபோல இருந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தென்காசி ஸ்டேஷனில் ரயில் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் அம்மாவை ஏற்ற வேண்டியிருந்தது. இந்தத் தடவை பிடித்தது ஒருவர்தான். அக்கா பிடித்தாள். நான் வாக்கரை மடக்கிப் பின்னால் கொடுத்தேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "போங்க, போங்க, மழ வருது" என்றாள். நாங்கள் போவதற்குள் ரயில் போய்விட்டது.

பாறையில் ஒட்டியிருக்கும் நட்சத்திர மீனைப் பலமாகப் பிடுங்கினால் குழாய்க்கால்கள் சில அறுந்து பாறையிலேயே தங்கிவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. மீனுக்கு அவை மறுபடி முளைத்துவிடுமாம். பாறையைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது குளியலறைச் சுவரில் நான் பதித்த கைப்பிடிக் கம்பி அப்படியே இருந்தது. தரையில் வாக்கரின் ரப்பர் கால்கள் தேய்த்த கறுப்புத் தடங்கள் கட்டிலிலிருந்து கதவு வரை போயின. மனைவி துடைப்பாள் என்று நினைத்தேன். அவள் துடைக்கவில்லை. நானும் சொல்லவில்லை. தம்பியும் கிளம்பிப் போயிருந்தான். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். நன்றாகத் தூங்கினேன் என்பதை எழுதத்தான் வேண்டும். அம்மா சொன்னதைச் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாரம் கல்லூரியில் முட்தோலிப் பாடம் வந்தது. ஜாடிகள் இப்போது இரண்டு. புது ஜாடியிலிருப்பது இன்னும் கொஞ்சம் நிறத்தோடு இருக்கிறது. எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்டார்கள். குற்றாலத்தில் என்றேன், சிரித்தார்கள். மேசையில் கையை மல்லாத்தி வைத்தேன். பிடி கிடைத்த விரல் இழுக்கும், மற்றவை விடும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"விட்ட கையெல்லாம் என்ன சார் செய்யும்?" என்றாள் குடிநீர்த் திட்டத்துப் பெண்.

"ஒண்ணும் செய்யாது. அது பாட்டுக்குக் கூட வரும். திரும்பித் தரைக்கு வந்ததும் அதுக்கும் பிடி கிடைக்கும்" என்றேன். கையைத் திருப்பி வைத்துக் காட்டினேன்.

அம்மா தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிறாள். தண்ணீர் சப்பென்று இருக்கிறது, லிஃப்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, அக்கா இன்னும் மணிக்கட்டைத்தான் பிடிக்கிறாள் என்பவை நிரந்தரப் புகார்கள். நேற்று, "அந்த நாத்தம் பிடிச்ச நட்சத்திரம் என்னாச்சுலே?" என்று கேட்டாள்.

"காலேஜுல இருக்கும்மா. ஜாடியில."

"அப்ப வாசல் வெறும் வாசலாவா இருக்கு? ஒரு பூசணிக்காயாவது வாங்கிக் கட்டு. நான் வரும்போது பாப்பேன்."

"எப்ப வார?"

"தூங்குதியா நீ?"

"தூங்குதேன்."

"இன்னும் கொஞ்சம் தூங்கு" என்று வைத்துவிட்டாள்.

நான் மறந்துவிடுவேன் என்று மனைவியே பூசணிக்காய் வாங்கி வந்து கட்டிவிட்டாள். கடைக்காரனே கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்து நாக்கைச் சிவப்பாகத் தொங்கவிட்டிருக்கிறான். முட்தோலிக்கு இல்லாத முகம் இதற்கு உண்டு. தூக்கம் கெட்டவன் போலக் கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. யார் சாயல் என்று மனைவியைக் கேட்டேன். ஒரு தடவை அதைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.